60 நாள்னா எத்தனை வருஷம் சார்?

போன வாரம் காலேஜ் வாட்ஸப் குரூப்புல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. "இந்தக் காலத்துல டைவர்ஸுங்கறது சட்டை மாத்துற மாதிரி ஆயிடுச்சு. காலைல சண்டை, மத்தியானம் வக்கீல், சாயங்காலம் தீர்ப்பு"ன்னு. அதுக்குக் கீழ வரிசையா கும்பிடு போட்டு ஆமாஞ்சாமி. அனுப்பினவன் என் பெஞ்ச்மேட். அவன் வாழ்க்கையில ஒரு நாள்கூட குடும்ப நல கோர்ட் வாசப்படி மிதிச்சதில்ல. கொடுத்து வச்சவன்.

நான் மிதிச்சிருக்கேன். எத்தனை தடவைன்னு எண்ணியே வச்சிருக்கேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல எங்க வீட்டுக் கதை. சுருக்கமா.

எங்க அக்கா 2019 மார்ச்ல ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டா. கையில ரெண்டு வயசுக் குழந்தை. எந்த ஊர் கோர்ட்டுன்னு சொல்லப்போறதில்ல, நமக்கு ஒரு கோர்ட் மேல சண்டை கிடையாது. நான் அப்ப இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர். பிராஜக்ட் ரிவியூவை தள்ளிப் போட்டுட்டு முதல் வாய்தாவுக்கு கூடப் போனேன். "தம்பி, சட்டப்படி இடைக்கால ஜீவனாம்சத்தை நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாள்ல முடிவு பண்ணணும், கவலைப்படாதீங்க"ன்னார் வக்கீல். பொய் சொல்லல. சட்டத்துல நிஜமாவே அப்படித்தான் இருக்கு.

அந்த இடைக்கால உத்தரவு வந்தது 2021 நவம்பர்ல. மாசம் 8,000 ரூபா. மனு போட்ட தேதிலேர்ந்து கணக்குன்னு போட்டாங்க. 32 மாசம், 2,56,000 ரூபா பாக்கி. கவனிங்க, இது கேஸ் முடிஞ்ச தீர்ப்பு இல்ல. கேஸ் முடியற வரைக்கும் சோறு திங்க வழி என்னங்கற இடைக்கால உத்தரவு. அதுக்கே 32 மாசம்!

"நடுவுல கொரோனா வந்துச்சே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதனால ஈ-கோர்ட்ஸ் ஆப்பைத் திறந்து, அந்தக் கேஸோட ஹிஸ்டரி மொத்தத்தையும் ஒரு எக்செல் ஷீட்ல போட்டேன். பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும்? 2019 மார்ச்லேர்ந்து கேஸ் முடியற வரைக்கும் மொத்தம் 61 வாய்தா. லாக்டவுன்ல கோர்ட்டே நடக்காத மாசங்கள் இதுல சேராது. ஆப்புல இருக்கறது ஒரு வரிதான், மீதியை அப்பாவோட டைரியைப் பாத்து நிரப்பினேன்.

எதிர்த்தரப்பு டைம் கேட்டது 19.
நீதிபதி லீவு, இல்லன்னா மாறுதலாகி இடம் காலி 14.
எங்க வக்கீலே டைம் கேட்டது 6.
வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு 5.
மீடியேஷன் 5.
நோட்டீஸ் "கதவு பூட்டியிருந்தது"ன்னு திரும்பினது, மறுபடி அனுப்பினது 3.
உருப்படியா ஏதாவது நடந்தது 9.

ஒன்பது! 61-ல ஒன்பது. எங்க டீம்ல யாராவது இந்த லட்சணத்துல ரிலீஸ் பண்ணா மேனேஜர் கூப்பிட்டு வச்சு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவார், நிரந்தரமா :-)

இதுல எங்க வக்கீலோட 6-ஐயும் சேர்த்தே சொல்லியிருக்கேன். நாங்க ஒண்ணும் யோக்கிய சிகாமணிகள்னு நெஞ்சை நிமித்த வரல. ஆனா அந்த 19-ஐப் பாருங்க. கவுன்டர் போட டைம், வக்கீல் மாத்தினதால டைம், வருமான அஃபிடவிட் போட டைம், கட்சிக்காரருக்கு வைரல் ஃபீவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எங்கப்பா ஒரு மஞ்சப் பையில தண்ணி பாட்டிலும் ஃபைலும் எடுத்துட்டு அக்காவோட பஸ் ஏறுவார். காலைல பத்தரைக்குப் பேர் கூப்பிடுவாங்களோன்னு ஒண்ணுக்குக்கூட போகாம உக்காந்திருப்பாங்க. பன்னண்டரைக்குக் கூப்பிட்டு ஒரே நிமிஷத்துல அடுத்த தேதி. அக்காவுக்கு அன்னைக்கு ஸ்கூல்ல சம்பளம் கட். தனியார் ஸ்கூல் டீச்சருக்கு எத்தனை லீவு கொடுப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

அதே நேரத்துல நான் மாமான்னு வாய் நிறையக் கூப்பிட்ட அந்த மனுஷன் இன்னொரு ஊர்ல ஒரு மனு போட்டார். "என் மனைவி என்னோட சேர்ந்து வாழ உத்தரவிடணும்"னு. இந்து திருமணச் சட்டம் 9-வது பிரிவு. பாசம் பொங்கிருச்சுன்னு நினைச்சிடாதீங்க. குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க அஞ்சு பைசா தராத ஆளு. அது இன்னொரு ஊருக்கு இன்னொரு பஸ் ஏற வைக்கிற வித்தை, அவ்ளோதான். அந்தக் கேஸை எங்க ஊருக்கு மாத்தச் சொல்லி நாங்க ஹைகோர்ட்ல தனியா ஒரு மனு போட வேண்டி வந்துச்சு.

இப்ப சட்டத்துக்கு வருவோம். இங்கதான் வயிறு எரியும்.

இந்து திருமணச் சட்டம் 1955-ல வந்தது. அதுல 21பி-ன்னு ஒரு பிரிவை 1976-ல சேர்த்தாங்க. என்ன சொல்லுது தெரியுமா? விவாகரத்து மனுவை முடிஞ்ச வரைக்கும் தினமும் தொடர்ச்சியா விசாரிக்கணும். நோட்டீஸ் சேர்ந்த 6 மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும். அப்பீலா? 3 மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும். சட்டத்துல இதைச் சேர்த்து ஐம்பது வருஷம் ஆகப் போகுது!

குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984-ல வந்துச்சு. எதுக்காக இந்தச் சட்டம்னு முகப்புலயே எழுதியிருக்கு, சமரசத்துக்கும் சீக்கிரமா தீர்வு கிடைக்கறதுக்கும். வக்கீல் வச்சுக்கறது அங்க உரிமையாவே கிடையாது, கோர்ட் அனுமதிச்சாத்தான். அந்த அளவுக்கு எளிமையா, வேகமா நடக்கணும்னு நினைச்சு உருவாக்கின கோர்ட் அது.

2001-ல ஒரு திருத்தம். அதுவரைக்கும் கிரிமினல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவுல ஜீவனாம்சத்துக்கு மாசம் 500 ரூபாதான் உச்சவரம்பு. அதைத் தூக்கினாங்க. கூடவே இடைக்கால ஜீவனாம்சத்தை 60 நாள்ல முடிவு பண்ணணும்னு சேர்த்தாங்க. 2024 ஜூலைலேர்ந்து பழைய சட்டம் போயி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துச்சு, 125 இப்ப 144. நம்பர் மாறிச்சு, 60 நாள் அப்படியே இருக்கு. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துலயும் அதே கதைதான். முதல் ஹியரிங் மூணு நாளுக்குள்ள, முடிவு 60 நாளுக்குள்ள, எல்லாம் "முயற்சி பண்ணணும்".

இந்த "முயற்சி பண்ணணும்", "கூடிய மட்டும்"ங்கற வார்த்தைகள் இருக்கு பாருங்க, அங்கதான் ஓட்டை. 61-வது நாள் என்ன ஆகும்? ஒண்ணுமே ஆகாது. எந்த மனுவும் தானா அனுமதி ஆகாது, எந்தத் தரப்புக்கும் தானா அபராதம் விழாது, யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். டைம்-அவுட்னு எழுதி வச்சுட்டு டைம்-அவுட் ஆனா என்ன பண்ணணும்னு எழுதாம விட்ட கோடு இது. சிவில் வழக்குன்னா ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கூடாதுன்னு சிவில் நடைமுறைச் சட்டத்துலயாவது ஒரு விதி இருக்கு (நடைமுறையில யாரும் மதிக்கறதில்லங்கறது வேற). ஜீவனாம்ச மனு கிரிமினல் நடைமுறைச் சட்டத்துல வர்றதால அந்த விதிகூட இல்ல. 19 என்ன, 90 கூட கேட்கலாம்.

எங்க வீட்டுக் கதை மட்டும்னா "உங்க நேரம் சரியில்ல"ன்னு விட்டுடலாம். உச்ச நீதிமன்றத்தோட ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பை எடுத்துக்கங்க. ஜீவனாம்சம்னு பேச்சு வந்தாலே இன்னைக்கு எல்லா வக்கீலும் சொல்ற தீர்ப்பு. அந்தக் கேஸ்ல மனைவி இடைக்கால ஜீவனாம்சம் கேட்டது 2013 செப்டம்பர்ல. குடும்ப நல கோர்ட் உத்தரவு போட்டது 2015 ஆகஸ்ட்ல. பம்பாய் ஹைகோர்ட் அதை உறுதி செஞ்சது 2018 ஆகஸ்ட்ல. உச்ச நீதிமன்றம் முடிச்சு வச்சது 2020 நவம்பர்ல. இடைக்கால உத்தரவுக்கு ஏழு வருஷம்! இடைக்காலம்னா எந்தக் காலம்? கற்காலத்துக்கும் இரும்புக் காலத்துக்கும் இடையிலயா?

நல்ல தீர்ப்புதான் அது, குறை சொல்லல. ரெண்டு பேரும் தங்களோட வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் குறிப்பிட்ட படிவத்துல அஃபிடவிட்டா போடணும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நாலு வாரம். ரெண்டு வாய்ப்புக்கு மேல கொடுக்கக் கூடாது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதிலேர்ந்து கணக்கு. இடைக்கால மனுவை நாலுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள முடிக்கப் பாக்கணும். அதாவது 60 நாளெல்லாம் நடக்கற காரியமில்லன்னு நாட்டோட உச்ச நீதிமன்றமே புரிஞ்சுக்கிட்டு, ஆறு மாசமாவது பண்ணுங்கப்பான்னு இறங்கி வந்திருக்கு. அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் எங்க அக்காவுக்கு உத்தரவு வந்துச்சு. அவரோட அஃபிடவிட்டுல வருமானம் மாசம் 15,000. தொழில்ல நஷ்டமாம். கார் தம்பி பேர்ல.

சரி, உத்தரவு வந்தாச்சே, காசு வந்துச்சா? அங்கதான் ரெண்டாவது படம் ஆரம்பம். உத்தரவை நிறைவேத்தச் சொல்லி இன்னொரு மனு. அதுக்கு நோட்டீஸ், அதுக்கு கவுன்டர், அதுக்கு வாய்தா. கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரை ஜெயில்னு சட்டம் பயமுறுத்தும். ஆனா பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள்ள நாமதான் போய்க் கேட்கணும். கேட்காம விட்டா அந்த வழியில வசூல் பண்ண முடியாது. கெடு யாருக்குக் கறாரா இருக்கு பாத்தீங்களா? பசியில இருக்கறவளுக்கு ஒரு வருஷக் கெடு கல்லுல வெட்டினது. கோர்ட்டுக்கு 60 நாள் கெடு தண்ணியில எழுதினது.

2023 ஜூன் வரைக்கும் 52 மாசக் கணக்கு, 4,16,000 ரூபா. அவர் கட்டினது 60,000. அந்த நேரத்துலதான் தூது வந்துச்சு. "பாக்கி, நகை, குழந்தை செலவு எல்லாத்துக்கும் சேத்து மொத்தமா ஏழு லட்சம். 18 சவரன் திருப்பித் தர்றோம். பரஸ்பர சம்மதத்துல கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா இன்னும் பத்து வருஷம் நடங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கல்யாணத்துக்குப் போட்டது 40 சவரன். அத்தனைக்கும் போட்டோ இருக்கு, கடை பில் இருக்கு. நான் குதிச்சேன். "விடக்கூடாது, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போலாம்"னேன். எங்கப்பா ஒண்ணும் பேசல. அக்காதான் சொன்னா: "நீ வாய்தாவுக்கு எத்தனை தடவைடா வந்தே? மூணு. நானும் அப்பாவும் அறுபது. அப்பாவுக்கு இனிமே பஸ் படி ஏற முடியல. எங்க கையெழுத்துப் போடணும்னு கேளு."

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. வாய மூடிட்டேன்.

பரஸ்பர சம்மத மனு 2023 செப்டம்பர்ல போட்டோம். 13பி பிரிவுப்படி முதல் மனுவுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 6 மாசம் காத்திருக்கணும். 2017-ல அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் தீர்ப்புல, ஏற்கெனவே ஒன்றரை வருஷத்துக்கு மேல பிரிஞ்சிருந்து, சமரசத்துக்கு வழியில்லாம, ஜீவனாம்சம் குழந்தைன்னு எல்லாத்தையும் பேசி முடிச்சிருந்தா அந்த 6 மாசத்தைத் தள்ளுபடி பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. எங்களுக்கும் பண்ணாங்க. நவம்பர்ல தீர்ப்பு. ரெண்டே மாசம்! கேஸ் போட்டப்ப மழலை பேசிட்டிருந்த குழந்தை அன்னைக்கு ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் பரீட்சை எழுதிட்டிருந்தா.

இப்ப அந்த ஃபார்வர்டு அனுப்பின நண்பனுக்கு வர்றேன். டைவர்ஸ் கணக்கெடுக்கறவன் கண்ணுக்கு எங்க கேஸ் எப்படித் தெரியும்? "பரஸ்பர சம்மதம், 2 மாசத்துல முடிஞ்சது." அடடா, சட்டை மாத்துற மாதிரி! அதுக்கு முன்னாடி இருக்கற நாலரை வருஷம் எந்தக் கணக்குலயும் வராது. "சம்மதம்"னு பேப்பர்ல இருக்கறதுல எத்தனை சம்மதம் முழுமனசோட, எத்தனை கால் வலியில போட்டதுன்னு யார் பிரிச்சுப் பாக்கறது?

என் வாதம் இதுதான்: இந்தத் தாமதம் ரெண்டு பக்கத்துக்கும் சமமான கஷ்டம் இல்ல. கையில காசு வச்சிருக்கறவனுக்கு வாய்தா ஒரு ஆயுதம். காசு வேணும்னு நிக்கறவங்களுக்கு அதுவே தண்டனை. மாசம் 8,000 கட்டாம இருக்கற ஒவ்வொரு மாசமும் அவருக்கு 8,000 லாபம். வக்கீலுக்கு அதுல ஒரு பங்கு போனாக்கூட லாபம்தான். இப்படி ஒரு அமைப்பை வச்சுக்கிட்டு "ஏன் இழுத்தடிக்கறாங்க"ன்னு கேட்டா என்ன அர்த்தம்? இழுத்தா லாபம்னா எவனும் இழுப்பான்.

இதுக்கு வழக்கமா வர்ற பதில்கள் மூணு.

ஒண்ணு, "டைம் கொடுத்தா சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்குல்ல?" மீடியேஷனுக்கு டைம் கொடுங்க, வேணாங்கல. எங்க கேஸ்ல அது 5 வாய்தா, அஞ்சும் நியாயம்தான். மீதி 47 வெட்டி வாய்தாவுல எந்தக் காதல் மலர்ந்துச்சு? வராண்டாவுல ரெண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் முறைச்சுக்கிட்டு நிக்கறதுல இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போச்சு.

ரெண்டு, "பொண்ணுங்க சட்டத்தைத் தப்பாப் பயன்படுத்தறாங்க." சரிங்க, சில பேர் பண்றாங்கன்னே வச்சுக்குவோம். என் கூட வேலை செய்யற ஒருத்தர், 34 வயசு, ஆறு வருஷமா கேஸ். குழந்தையை மாசத்துல ரெண்டு மணி நேரம் கோர்ட் வளாகத்துல பாக்கறார். மறுகல்யாணம் பண்ண முடியாது, கேஸை முடிக்கவும் முடியாது. அவருக்கும் சீக்கிரம் தீர்ப்பு வந்தாத்தானே நல்லது? பொய் கேஸ்னா அது பொய்னு ஆறு மாசத்துல தெரியணும். தாமதம் பொய் சொல்றவங்களுக்குத்தான் உதவும், அது ஆணானாலும் பெண்ணானாலும். அதனால இது ஆண் பெண் சண்டையில்ல, தயவுசெஞ்சு கும்மியை அந்தப் பக்கம் திருப்பாதீங்க.

மூணு, "நீதிபதிகள் பத்தல." ஒத்துக்கறேன். எங்க 61-ல 14 அதுக்குத்தான் போச்சு. ஒரு நீதிபதி முன்னாடி காலைல அடுக்கியிருக்கற கட்டுகளைப் பாத்தா நமக்கே பாவமா இருக்கும். ஆனா அஃபிடவிட் வாங்கறதுக்கும், கவுன்டர் வந்துருச்சான்னு பாக்கறதுக்கும் நீதிபதி எதுக்கு? அந்த 19-க்கு நீதிபதி பற்றாக்குறை காரணமில்லையே.

இதுல இன்னொரு கூத்து. திருமணம் சரிசெய்ய முடியாத அளவுக்கு உடைஞ்சு போச்சுன்னா அதையே விவாகரத்துக்குக் காரணமா வைக்கணும்னு சட்டக் கமிஷன் 1978-லயே சொல்லுச்சு, தன்னோட 71-வது அறிக்கையில. 2006-ல நவீன் கோலி வழக்குல உச்ச நீதிமன்றம் அரசாங்கத்துக்குப் பரிந்துரை பண்ணுச்சு. 2009-ல சட்டக் கமிஷன் 217-வது அறிக்கையில மறுபடியும். மசோதா வந்து, 2013-ல ராஜ்யசபாவுல நிறைவேறி, 2014-ல மக்களவை கலைஞ்சதோட காலாவதி. அதோட சரி. 2023 மே மாசம் ஷில்பா சைலேஷ் வழக்குல அஞ்சு நீதிபதிகள் அமர்வு, உச்ச நீதிமன்றம் மட்டும் 142-வது பிரிவு அதிகாரத்துல அப்படி விவாகரத்து தரலாம்னு சொல்லிடுச்சு. அதுவும் உரிமையாக் கேட்க முடியாது, அவங்க விருப்பம். அதாவது கல்யாணம் செத்துப் போச்சுன்னு சொல்ல டெல்லி வரைக்கும் போகணும். எங்கப்பாவால பக்கத்து ஊர் பஸ்ஸே ஏற முடியல.

சொத்து விஷயமோ இன்னும் மோசம். கல்யாணத்துக்கப்புறம் சம்பாதிச்சது ரெண்டு பேருக்கும் பொதுங்கற சட்டம், கோவா மாதிரி விதிவிலக்கைத் தவிர, நம்ம நாட்டுல கிடையாது. பத்து வருஷம் குடும்பம் நடத்தி வெளிய வந்தாலும், வீடு யார் பேர்ல இருக்கோ அவங்களோடது. 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல, வீட்டைப் பாத்துக்கிட்ட மனைவியோட உழைப்பும் சேர்ந்துதான் அந்தச் சொத்து, அவங்களுக்குச் சம பங்குன்னு தீர்ப்பு சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அது ஒரு தீர்ப்பு, சட்டம் இல்ல. தெளிவான விதி இல்லாத இடத்துல ஒவ்வொரு சவரனுக்கும் பேரம்தான். பேரத்துல ஜெயிக்கறது யாரு? காத்திருக்க முடிஞ்சவன்.

திட்டிட்டுப் போறது ஈசி. என்ன பண்ணலாம்னும் சொல்லணும்ல?

முதல் வாய்தாவுலயே வருமான அஃபிடவிட். அது இல்லாம கவுன்டரையே வாங்கக் கூடாது. குறிச்ச தேதியில போடலைன்னா, மனு போட்டவங்க சொல்ற வருமானத்தை உண்மைன்னு எடுத்துக்கிட்டு அன்னைக்கே ஒரு தற்காலிகத் தொகை போடணும். அப்புறம் வந்து தப்புன்னு நிரூபிக்கட்டும், குறைச்சுக்கலாம். அந்தத் தொகை ஓட ஆரம்பிச்சுதுன்னா எதிர்த்தரப்புக்கே கேஸை முடிக்க அவசரம் வந்துடும் பாருங்க.

ஒரு காரணமும் இல்லாத வாய்தாவுக்கு, வந்தவங்களோட பஸ் காசும் அன்னைக்குச் சம்பளமும் கேட்டவர் கட்டணும். ஈ-கோர்ட்ஸ்ல வாய்தா யார் கேட்டாங்க, ஏன்னு ஒரு வரி தெளிவாப் போடணும். 60 நாள் தாண்டின இடைக்கால மனுக்கள் எத்தனைன்னு ஒவ்வொரு கோர்ட்டும் மாசாமாசம் வெளியிடணும். எல்லாத் தேதியும் கம்ப்யூட்டர்ல இருக்கு. இதுக்கு ஒரு ஃப்ரெஷர் போதும், ஒரு வாரம் டைம் கொடுங்க, எழுதிக் கொடுத்துடுவான்.

எங்க அக்கா இப்ப நல்லா இருக்கா. பி.எட். முடிச்சுட்டா. குழந்தை நல்லா படிக்கறா. அந்தக் குழந்தையோட செலவு உரிமையை அம்மாவால விட்டுக்கொடுக்க முடியாது, அதுக்காகத் தனியா இன்னும் கேஸ் போடலாம்னு வக்கீல் போன வருஷம் போன் பண்ணிச் சொன்னார். அக்கா "சரிங்க சார், யோசிச்சுச் சொல்றேன்"னு வச்சுட்டா. மஞ்சப் பையை அப்பா இன்னும் தூக்கிப் போடல, பீரோ மேலதான் இருக்கு.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்ல. பிரிவு நம்பர்ல எங்கயாவது சொதப்பியிருந்தா, படிக்கற வக்கீல் அண்ணாச்சிகள் பின்னூட்டத்துல திருத்துங்க, பதிவுலயும் மாத்திடறேன்.

டிஸ்கி 2: இதை அக்காகிட்ட படிச்சுக் காட்டி, சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் போடறேன். "61 இல்லடா, 62. ஒரு நாள் போய்ப் பாத்தா கோர்ட்டே லீவு, அதை ஆப்புல போட மாட்டாங்க"ன்னா.